வாங்கில் இருக்கப் போனவர்

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர் அவர். மெலிந்த உடம்பு, அகன்ற கைகள். கனடாவுக்கு வருமுன் ஏழு வருடம் ஜேர்மனியில் இருந்தவர். ஆகஸ்ட் பிறந்தால் போதும், லிஃப்டில் காண்பவர்களிடமெல்லாம், "பியர் விழாவுக்கு இன்னும் ஏழு கிழமைதான்!" என்பார். இலையுதிர்காலத்தில் இங்குள்ள ஜேர்மன்காரர் மண்டபம் எடுத்து நடத்துகிற விழா அது.

"அண்ணை, உங்களுக்குச் சீனி வருத்தமெல்லே? என்னத்தைக் குடிக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"ஆர் குடிக்கப் போறது? நான் இருக்கப் போறன்," என்றார். "ஜேர்மனியிலை ஒவ்வொரு வருசமும் விழாக் கூடாரத்துக்கை வேலைக்கு நிண்டு வெறுங் கிளாஸ் பொறுக்கினனான். பாட்டுக் கேட்டால் கால் ஆடும், கை நிறையக் கிளாஸ். ஒருநாளும் அந்த வாங்கிலை குந்தினதில்லை."

அந்த வருடம் நானும் கூடப் போனேன். மினுக்கிய சட்டையோடு நீள வாங்கின் நடுவில் ராசா மாதிரி இருந்தார், எதிரே ஒரு போத்தல் தண்ணீர். வாத்தியக்காரர் ஊதத் தொடங்க, சனம் எழுந்து ஆடியது. மேசையில் வெறும் குவளைகள் சேர்ந்தன. அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. கைக்கு நாலாகக் குவளைகளைக் கோத்துக்கொண்டு, பாட்டுக்கு அடியெடுத்து வைத்தபடி கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். பரிமாறுகிற பெண் சிரித்தபடி வழிவிட்டாள்.

"அண்ணை, இருக்கவெல்லோ வந்தனியள்?"

"அடுத்த வருசம் பாப்பம்!"

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. வாங்கில் இருக்கவா, குவளை பொறுக்கவா, எதற்காக அவர் கிழமைகளை எண்ணினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.