மே மாதத்தில் இல்லாத பதினோரு பேர்

சம்பளக் கூட்டத்தில் தாளாளர் இருந்தார். பொருளாளரான அவருடைய மச்சான் இருந்தார். தலைமையாசிரியர் ஓரமாக இருந்தார். யாருடைய சம்பளத்தைப் பேசினார்களோ அந்தப் பதினோரு ஒப்பந்த ஆசிரியர்கள் இல்லை. நானும் அந்தப் பதினொன்றில் ஒருவன்தான். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியும் என்பதால் தீர்மானத்தை அடிக்க உட்காரவைத்திருந்தார்கள். அதனால் நான் ஆள் கணக்கில் இல்லை, கணினியோடு சேர்த்தி.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஊதிய நிலை, படி, ஆண்டு உயர்வு என்று எல்லாவற்றுக்கும் ஆணை உண்டு. எங்களுக்கு மச்சானின் வாய்தான் ஆணை. பதினோராயிரம் என்றார். எப்படி வந்தது அந்தத் தொகை என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் பத்துதான் தருகிறார்கள், நாம் ஆயிரம் கூடக் கொடுக்கிறோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். காரைக்கால்மேட்டில் என் அப்பா பிடித்துவரும் மீனுக்குக்கூட நாலு பேர் எதிரில் ஏலம் விட்டுத்தான் விலை வைப்பார்கள்.

எங்கள் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஏப்ரல் கடைசி நாளில் ஒவ்வொருவரும் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று கைப்பட எழுதித் தர வேண்டும். ஜூனில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். மே சம்பளம் மிச்சம்; யாருக்கும் பணிக்காலம் தொடராது. எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். அந்தப் படிப்பை வைத்து வருடாவருடம் என்னை நானே வேலையைவிட்டு நீக்கிக்கொண்டேன். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் வேறு. படகு கரையில் கிடக்கும். அப்பாவுக்கு வரும் அரசு நிவாரணம் அரிசிக்கே சரியாகப் போகும். மற்றதற்கு வட்டிக்கு வாங்குவோம். சம்பளம் வேண்டிய மாதத்தில்தான் எனக்குச் சம்பளம் கிடையாது.

போன வருடம் தாளாளர் சாமர்த்தியத்தின் உச்சிக்குப் போனார். பின்னால் யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாது என்று பதினோரு விலகல் கடிதங்களையும் கல்வித்துறைக்கே அனுப்பிவைத்தார். இரண்டு வாரத்தில் அதே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வு, ஆசிரியர்கள் அனைவரும் நேரில் இருக்க வேண்டும். அனுப்பியதையும் வந்ததையும் சேர்த்துப் பார்க்க அந்த மூன்று தலைகளுக்கும் நாலு நாள் ஆனது.

பிறகு தாளாளர் எனக்குப் போன் செய்தார். “தம்பி, புதன்கிழமை ஒருநாள் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. மத்தியானம் பிரியாணி சொல்லிடறேன்.”

“நாங்கதான் விலகிட்டோமே சார். சொந்தக் காரணம்.”

முதலில் சிரித்தார். அப்புறம் வைத்துவிட்டார். அடுத்து கணக்கு டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார். எங்களில் மூத்தவர் அவர், எதிர்த்துப் பேசாதவர்.

“பதினாலு தடவை புதுசா சேர்ந்துட்டேன் சார். மே ஒண்ணாந்தேதி போட்டு ஆர்டர் குடுங்க, வர்றேன். இல்லாட்டி நீங்களே மூணு பேரா நின்னுக்குங்க.”

அன்று மாலையே மற்ற ஒன்பது பேரிடமும் டீச்சர் பேசிவிட்டார். ஆர்டர் இல்லாமல் ஒருவரும் வாசல் மிதிப்பதில்லை என்று முடிவானது. வேறு பதினோரு பேரை நிற்கவைக்கலாம் என்பது மச்சானின் மூளையில் உதித்த யோசனை. மூலச் சான்றிதழ் கேட்பார்களே என்று தலைமையாசிரியர் அந்த வருடத்தில் முதல்முறையாக வாய் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆர்டர் வந்தது. எங்கள் விலகலை நிர்வாகம் ஏற்கவில்லையாம். எங்கள் சேவை பள்ளிக்கு இன்றியமையாததாம். ஆய்வு முடிந்தது. மாதக் கடைசியில் ஆளுக்குப் பதினோராயிரம் வங்கியில் ஏறியது. நிர்வாகத்துக்கு மொத்தச் செலவு ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் ரூபாய்.