ஒரு நாளைக்கு ஒரு குறை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். வயது நாற்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பு. நாற்காலிக்குச் சொந்தமாக ஒரு மெத்தை, கீபோர்டைத் துடைக்கச் சொந்தமாக ஒரு துணி. மென்பொருளில் நாங்கள் எந்த வரியை மாற்றினாலும் அவர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் வெளியே போகும். பதினோரு வருடமாக அவருடைய வேலை, பொழுதுபோக்கு, அதிகாரம் எல்லாம் அதுதான்.

முன்பொரு முறை பார்க்காமலே ஒப்புதல் தந்து, ஒருநாள் முழுக்க எல்லாம் படுத்துவிட்டதாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவர் அடுத்தவனையும் அடுப்பு மூட்ட விடமாட்டார்.

நான் எழுதியது ஒரு டயாலிசிஸ் மையத்தின் முன்பதிவுக்கான திருத்தம். ஒரே நொடியில் இரண்டு பேர் பதிவு செய்தால் இருவருக்கும் ஒரே படுக்கை விழுந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை முதல் நோயாளிகள் இரட்டிப்பாக வரப்போகிறார்கள். அதற்குள் திருத்தம் போயாக வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே அவருக்கு அனுப்பிவிட்டேன்.

முதல் நாள் ஒரு குறை எழுதினார். அரைமணியில் சரிசெய்தேன். மறுநாள் அதற்கு மேல் வரியில் இன்னொன்று. அதற்கும் மறுநாள் மூன்றாவது.

"மொத்தத்தையும் சேத்துச் சொல்லிடுங்க சார், இன்னிக்கே முடிச்சிடுறேன்."

"ஒண்ணொண்ணா சொன்னாத்தான் தம்பி மண்டையில ஏறும். ஆமா, எந்தக் காலேஜு நீ?"

சொன்னேன்.

"அப்படி ஒண்ணு இருக்கா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று படிவத்தைப் படிக்க என் வீட்டில் வேறு ஆள் இல்லை. கடைசி வரி வரை நானே படித்தேன். ஒரு வரியைப் படித்துவிட்டு மூடிவைக்கிறவர் என் படிப்பைக் கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை எட்டாவது குறையை முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம், நாலு நாள் லீவு. மேலாளரிடம் ஓடினேன்.

"அவர் பாக்காம போய் ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும். போன்ல பிடிப்பா" என்றார்.

போனை எடுக்கவில்லை.

திங்கள் காலை என்னை மையத்துக்கே அனுப்பினார்கள். ஆறாம் எண் படுக்கை அருகே இரண்டு பேர், இருவர் கையிலும் அதே எண், அதே நேரம். முதலில் வந்தவர் படுத்துவிட்டார். கால் வீங்கிய பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. முட்டுக்கட்டைக்கு மறுபடி போன் அடித்தேன். அன்றைக்குத்தான் எடுத்தார்.

"அதுல எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கு தம்பி."

"இருங்க சார், இவங்ககிட்ட சொல்லுங்க." போனை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"ஐயா, நீங்க யாருன்னு தெரியல. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது. உங்க சந்தேகம் எப்ப தீரும்?"

இணைப்பு அறுந்தது. மூன்றாவது நிமிடம் ஒப்புதல் வந்தது. அதன் கீழே ஒன்பதாவது குறை: "நான்காவது வரியில் ஒரு இடைவெளி அதிகம். சரிசெய்யவும்."

படுத்திருந்தவர்களுக்கு முடிந்து பெரியவருக்குப் படுக்கை கிடைத்தபோது பிற்பகல் மணி மூன்றரை. அந்த இடைவெளியை நான் இன்றுவரை எடுக்கவில்லை.