அத்தா எங்களுக்குச் சேவை கற்றுக்கொடுத்த கதை

கொடைக்கானல் பஜாரில் எங்கள் அத்தாவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். மளிகைக் கடை என்று யாராவது சொன்னால் அத்தாவுக்குக் கோபம் வரும். பங்களாக்காரர்களுக்கு பிஸ்கட்டும் டின் வெண்ணெயும் மெழுகுவர்த்தியும் விற்கிற கடையை, பருப்பும் மிளகாயும் விற்கிற கடையோடு சேர்க்கலாமா என்பார். பருப்பும் மிளகாயும் எங்கள் கடையிலும் இருந்தன, பின்பக்கத்தில். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பின்பக்கத்தால்தான். ஆனால் அத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது முன்பக்கத்தில்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு சீசன் நேரத்தில், ஏரிக்கு மேலே இருந்த ஒரு மண்டபத்தில் வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் நன்றாயிருக்காது என்று பஜார் வியாபாரிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். அத்தா முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள், ஊருக்குள் கூட்டிப் போங்கள், கேள்வி கேட்க விடுங்கள், இல்லாதவர்களுக்கு உதவி செய்யச் சின்ன வயதிலேயே பழக்குங்கள் என்று துரைசானி பேசினாராம். அவர் தன்னுடைய பிள்ளைகளைச் சீமையில் ஒரு விடுதியில் விட்டுவிட்டு வந்தவர் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னையும் அக்காவையும் கூப்பிட்டு நிறுத்தினார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

“இன்னையிலருந்து நீங்க ரெண்டு பேரும் சேவை செய்யணும். என்ன?”

“சேவைன்னா என்னத்தா?” என்றாள் அக்கா.

“பாத்தியா, கேள்வி கேக்குறா!” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அப்படியே இந்தக் கல்லையும் பொறுக்கச் சொல்லுங்க. அதுவும் சேவதான்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேவை தொடங்கியது. கடையில் ஈரம் பட்டு உறை நைந்து, யாரும் வாங்காமல் கிடந்த சோப்புக் கட்டிகளை ஒரு கூடையில் அடுக்கி எங்கள் தலையில் ஏற்றிவிட்டார் அத்தா. பஜாருக்குக் கீழே சரிவில் கீழ்த் தெரு இருந்தது. மூட்டை சுமக்கிறவர்களும் ரிக்‌ஷா இழுக்கிறவர்களும் விறகு சுமக்கிற பெண்களும் குடியிருந்த தெரு. பஜாரிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அத்தா அதுவரை அங்கே இறங்கியதே இல்லை. அன்று துரைசானியும் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அத்தா ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்.

துரைசானிக்குத் தமிழ் தெரியும். பாதிரிமார் புத்தகத்திலிருந்து கற்ற தமிழ். “பிள்ளைகளே, சுத்தம் மிகவும் அவசியமானது என்று இவர்களுக்கு அறிவியுங்கள்” என்றார்.

முதல் வீட்டு வாசலில் விறகுக்காரப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் கை கால் எல்லாம் சிரங்கு. அக்கா சோப்பை நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கி மோந்து பார்த்தாள்.

“நல்லா மணக்குது. இத வச்சு என்ன செய்யணும் பாப்பா?”

“தெனமும் குளிக்கணும்.”

“எதுல?”

அக்கா சிரித்துவிட்டாள். “தண்ணியிலதான்!”

“தண்ணி எங்கன கெடக்கு? நீயே காட்டு பாப்பம்.”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வேடிக்கையாகத்தான் கேட்டாள். அக்கா சுற்றிப் பார்த்தாள். வாசலில் ஒரு பானை, அதுவும் கவிழ்ந்து கிடந்தது.

“ஓடைக்கு எறங்கணும் பாப்பா. எறங்கி ஏறி வாரதுக்குள்ள பொழுது போயிரும். வெறகுச் சோலியப் பாக்கவா, தண்ணிக்குப் போகவா?”

“மேல பஜார்ல குழாய் இருக்கே?”

“இருக்கு. எங்களத் தொட விடணுமே.”

அக்கா திரும்பி, துரைசானி காதில் விழும்படியே கேட்டாள். “அத்தா, குழாயில இவங்கள ஏன் விட மாட்டேங்குறாங்க?”

அத்தாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். குழாயடியில் கீழ்த் தெருவாரை விரட்டுகிறவர்கள் எல்லாம் மேல் தெருக்காரர்கள், சாதியைச் சொல்லி விரட்டுகிறவர்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் கடையின் பின்பக்கத்து வாடிக்கை.

“அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்மா.”

“நீங்கதானத்தா கேள்வி கேக்கச் சொன்னீங்க?”

துரைசானி கைகளைத் தட்டினார். “எவ்வளவு நேர்த்தியான கேள்வி! இந்தப் பிள்ளை எவ்வளவு அழகாய் விசாரிக்கிறாள்!” என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஆட்டுக்குட்டிப் படம் போட்ட அட்டை ஒன்றை எடுத்து அக்காவுக்குக் கொடுத்தார். பிறகு தேநீருக்கு நேரமாகிவிட்டது என்று ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். கேள்வி சரிவிலேயே நின்றது.

இரண்டு மூன்று நாள் கழித்து, எதிர்ச் சாரியிலிருந்த கடையில் எங்கள் சோப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை அத்தா பார்த்தார். கீழ்த் தெருப் பெண்கள் சோப்பைக் கொடுத்து அரிசி வாங்கிப் போயிருந்தார்கள். அத்தா கொதித்துப்போனார்.

“நன்றி கெட்ட சனம்! நம்ம சோப்ப நம்ம எதிரி கடையிலயே கொண்டு போயிக் குடுத்துருக்காளுக!”

“நம்ம கடைக்குக் கொண்டு வந்திருந்தா நீங்க அரிசி குடுத்திருப்பீங்களாக்கும்?” என்றாள் அம்மா. “குளிக்கத் தண்ணியில்லாதவ கஞ்சிக்கு வழி பாத்திருக்கா. உங்க சோப்பு வயித்துக்குள்ள போயாவது நல்லது செஞ்சுச்சே.”

அதோடு சேவை நின்றிருக்கும். அத்தாவும் அதைத்தான் விரும்பினார். ஆனால் அக்காவுக்கு அந்தக் குழந்தையின் சிரங்கு கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் வெள்ளனே எழுந்து, வீட்டில் இருந்த சின்னப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றாள்.

“நாங்க குழாயில புடிச்சுக் கீழ கொண்டு போயி ஊத்துறோம். எங்கள யாரும் தொடக் கூடாதுன்னு சொல்ல மாட்டாங்கல்ல?”

அம்மா முந்தானையால் அந்தக் குடத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எனக்கும் ஒரு குடத்தை எடுத்துக் கொடுத்தாள். “அத்தா எந்திரிக்கிறதுக்குள்ள வெரசா வந்துருங்க” என்றாள்.

முதல் நாள் பாதித் தண்ணீர் எங்கள் பாவாடையில்தான் போயிற்று. விறகுக்காரப் பெண் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் பழைய சேலைத் துணியைச் சுருட்டி இரண்டு பேர் தலைக்கும் சும்மாடு செய்து கொடுத்தாள். அவள் காட்டிலிருந்து வரும்போது எங்களுக்கென்று கொய்யாப் பழம் முடிந்துகொண்டு வருவாள். குழந்தையை வாசலில் உட்காரவைத்து, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் அக்காவே குளிப்பாட்டத் தொடங்கினாள். அது அக்காவின் முடியைப் பிடித்துக்கொண்டு கத்தும். அக்காவும் கூடவே கத்துவாள். மாதம் திரும்புவதற்குள் சிரங்கு ஆறத் தொடங்கியது.

பஜார்ப் பிள்ளைகளுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் பொறுக்குமா? தையல்காரர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் மகன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பனி மூட்டத்துக்குள் குடமும் வாளியுமாக ஒரு கும்பல், சளசளவென்று பேசிக்கொண்டு சாலையைக் கடந்து இறங்கும். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் இன்றைக்கு உலை ஏறவில்லை என்று எங்கள் வயதுக்குத் தெரியக் கூடாதவை எல்லாம் எங்களுக்குத் தெரிந்துபோயின. பள்ளிக்கூடத்தில் அதற்கு மார்க் இல்லை.

கடைசியில் மேல் தெருப் பெரிய மனிதர்கள் கடைக்கு வந்தார்கள். அத்தாவுக்கு அன்றுதான் விஷயமே தெரியும்.

“என்ன ராவுத்தரே, பொம்பளப் புள்ளைகள விட்டுக் கீழ்த் தெருவுக்குத் தண்ணி செமக்க விடுறீக? அந்தத் தெருவுல வச்சு எடுத்த கொடத்தத் திரும்பக் குழாயடியில வைக்கிதுக. நாங்க புழங்க வேண்டாமா?”

நான் பின்பக்கத்து மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தா எங்களை இழுத்துப்போட்டு அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வந்தவர்களை முறைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் கிடையாது. வாடிக்கையை விட மனசும் கிடையாது. ஆனால் அவரிடம் வேறு ஒன்று இருந்தது.

“இது துரைசானியம்மா சொல்லி நடக்கிற காரியம்ங்க” என்றார் அத்தா, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. “அவுக கூட்டத்துல என் புள்ளைகள எல்லார் முன்னாடியும் பாராட்டிருக்காக. நிப்பாட்டணும்னா நீங்களே பங்களாவுக்குப் போயி அவுககிட்டச் சொல்லிருங்க.”

கூட்டத்தில் யாரும் எங்களைப் பாராட்டவில்லை. பங்களாவுக்குப் போய்ச் சொல்ல யாருக்கும் துணிச்சலும் இல்லை. பெரிய மனிதர்கள் வெற்றிலை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அத்தா தன் வாழ்நாளில் செய்த பெரிய நன்மை அந்தப் பொய்தான் என்று அம்மா கடைசிவரை சொல்லுவாள்.

குழாய் கீழ்த் தெருவுக்கு வந்தது அடுத்த சீசனுக்கு முன்னால். யாருடைய இரக்கத்தால் வந்தது என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஏரிக்குப் போகிற ரிக்‌ஷாக்கள் எங்கள் குடக் கும்பல் சாலையைக் கடக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. பங்களா அம்மாக்களின் ஷூவில் தண்ணீர் தெறித்தது. இயற்கைக் காட்சி பார்க்க வந்த இடத்தில் இதையா பார்ப்பது என்று அவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். கீழ்த் தெரு எத்தனையோ வருஷமாகக் கேட்டும் வராத குழாய், அந்த முணுமுணுப்புக்கு ஓடி வந்தது.

திறப்பு விழாவில் அத்தாவுக்கு மாலை போட்டார்கள். நகரசபைக்காரர் பேசினார், துரைசானி பேசினார், அத்தாவும் பேசினார். “பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு நாம் செவிசாய்க்க வேண்டும்” என்று மேடைத் தமிழில் முழங்கினார். விறகுக்காரப் பெண் கூட்டத்தின் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா எங்க பாப்பா?”

அக்கா வீட்டில் இருந்தாள். அவள் வயதுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியாகிவிட்டது. ஜன்னலுக்குப் புதிதாகத் திரை தைத்துப் போட்டிருந்தார்கள். கூட்டத்துச் சத்தம் அந்தத் திரை வழியாக அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

அத்தா மாலையோடு வீட்டுக்கு வந்தார். அக்கா தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“அத்தா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா!”

“நான் ஏன் பள்ளிக்கூடம் போகக் கூடாது?”

மாலையில் இருந்த ஈரம் கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா உதவிக்கு வரவில்லை.

“கூட்டத்துல என்னமோ செவிசாய்க்கச் சொன்னீங்களே. சாயுங்க” என்றாள் அம்மா.

அத்தா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அக்கா விடவில்லை. சோறு போடும்போது கேட்டாள், தொழுகை முடித்து எழும்போது கேட்டாள். “ஊரு என்ன சொல்லும்” என்று அத்தா சொன்னால், “எந்த ஊரு? கீழ்த் தெருவா, மேல் தெருவா?” என்பாள். ஒரு வருஷம் இது நடந்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. பழனியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் பெரியவளானபோது அத்தாவுக்கு மறுபடியும் அத்தனை கேள்விகளைத் தாங்கத் தெம்பில்லை. அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே, “போகட்டும், போகட்டும். பள்ளிக்கூடத்துக்கே போயிக் கேட்டுக்கிரட்டும்” என்று என்னை அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் நான் பத்தாவது வரை படித்தேன். லீவுக்குப் பழனிக்குப் போகும்போதெல்லாம் அக்கா என் புத்தகங்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஜவுளிக் கடையின் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டுத்தான் என்னை ஊருக்கு விடுவாள்.