பொட்டாசியமும் இளநீரும்: வெள்ளகோவிலிலிருந்து கோவைக்கு

போன வாரம் அக்காவுடன் கோவை போய் வந்தேன். கோயில், அருவி எதுவும் இல்லாத பயணம். மரபணு ஆலோசனைக்காகப் போனோம். இதே காரணத்துக்காகக் கிளம்புகிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா மகள் யாழினிக்கு நாலு வயது. பிறந்த வாரத்திலிருந்தே வலிப்பு, இன்னும் நடக்கவில்லை. மூளைச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் பாதையை உண்டாக்கும் மரபணுவில் பிழை என்று போன வருடம்தான் தெரிந்தது. இப்போது அக்காவுக்கு மறுபடி நாலாம் மாதம். அவளிடமோ மாமாவிடமோ அந்தப் பிழை இருந்தால், வயிற்றுப் பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் போனோம். மாமா யாழினியோடு வீட்டில் இருந்துகொண்டார்.

காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். காங்கேயம், பல்லடம், சூலூர் வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், போக வர இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். பல்லடம் தாண்டி டிரைவர் செல்வண்ணன் ஓரங்கட்டினார்.

"ஏனுங்க அம்மணி, எளநி குடிக்கலாமுங்களா?"

"எனக்கு வேண்டாமுங்க" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தென்னந்தோப்பு வைத்திருப்பவள்! அவர் இறங்கிப் போனதும்தான் வாய் திறந்தாள்.

"யாழினி வயித்துல இருக்கறப்ப தெனமும் நம்ம தோப்பு எளநி குடிச்சேன் கண்ணு. அதுல பொட்டாசியம் நெறைய இருக்குதாமா, போன்ல பாத்தேன். நாந்தான் அவ மூளையக் கெடுத்துபோட்டேன்."

ஒரு வருடமாக இதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் விவரம் போதவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு பேர்த்துகிட்டயும் அந்தப் பிழை இல்லைங்க. யாழினி கருவானப்பவே புதுசா வந்திருக்கு. இந்தக் குழந்தைக்கு வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

நான் பெருமூச்சு விட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி நின்று இளநீரைப் பற்றிக் கேட்டே விட்டாள்.

டாக்டர் எங்களை மறுபடி உட்கார வைத்தார். செல்லின் மேல்தோலில் பொட்டாசியம் போக சின்னச் சின்ன வழிகள் உண்டாம். கருவில் நரம்புச் செல்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கும் முன்பே, எத்தனை செல் பெருகுவது, எது எங்கே நகர்ந்து போய் அமர்வது என்பதில் அந்த வழிகளுக்குப் பங்கு உண்டாம். பிறகு, வலிப்பு வராதபடி, அளவுக்கு மீறித் துடிக்கும் செல்லை அடக்குவதும் அவைதானாம். முழு விவரம் இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். எனக்கோ இன்னும் பத்துக் கேள்வி வாயில் இருந்தது.

அக்காவுக்கு ஒன்றுதான். "அப்ப மடைதான் கோணலுங்களா? வாய்க்கால்ல தண்ணி நெறைய வந்ததுனால இல்லீங்களா?"

"ஆமாங்க. மடையச் செஞ்சப்பவே கோணல். நீங்க எதைக் குடிச்சும் வரல, எதை நிறுத்தியிருந்தாலும் தடுத்திருக்க முடியாது."

அக்கா அங்கேயே அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். மத்தியானம் வரை ஆகும், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். கேட்கக் கூசும் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது சூலூரில் அக்காவே காரை நிறுத்தச் சொன்னாள். ஒரு காயை ஒரே மூச்சில் குடித்து, வழுக்கையையும் சுரண்டித் தின்றாள்.

"நம்ம தோப்புக் காயாட்ட வராது" என்றாள். "நாளைக்கு யாழினிக்கும் ஒண்ணு வெட்டச் சொல்லோணும்."