தடையை எடுத்துப்போடும் என்று கேட்டேன், என் குரலை எடுத்தார்

கடலுக்குப் போன என் மகன் திரும்பவில்லை. அவன் மனைவி எஸ்தரும் மூன்று வயதுப் பேத்தியும் நானும் திருவிடந்தையில் ஒரே அறை வீட்டில் இருக்கிறோம். சபையில் எழுந்து பேச எனக்குக் கூச்சம். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. தெரிந்த மட்டும் எழுதித் தருகிறேன்.

எஸ்தர் குரூப் ஃபோர் பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டாள். முந்தின வருடம் தை மாதம் அவள் அண்ணன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தான். "இந்த வாட்டியும் போச்சுன்னா புள்ளைய இட்டுகினு நம்ம வூட்டுக்கு வந்துடு. வேற மாப்ள பாக்கறேன்," என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர்களும் போனால் எனக்கு யார்?

வீட்டில் நாற்பது நாள் ஜெபம் வைத்தேன். சாயங்காலம் பத்துப் பெண்கள் வருவார்கள். அவர்களில் எங்கள் சபை ரூபி மைக் செட்டோடு வருவாள். கைதட்டிப் பாடி, எஸ்தர் பாஸாக வேண்டும் என்று கதறுவோம். மற்ற நேரமெல்லாம் டிவியில் பிரசங்கம். எஸ்தர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மூலையில் புத்தகத்தோடு இருப்பாள்.

பதினேழாம் நாள், "ஆண்டவரே, அவள் படிப்புக்கு எது தடையோ அதை எடுத்துப்போடும்" என்று அழுதேன். மறுநாள் காலையில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சத்தமே வரவில்லை. டிவி போடவும் மனமில்லாமல் வாசற்படியில் கிடந்தேன். மத்தியானம் எஸ்தர் வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"அத்த, பத்து நாளா ஏறாத கணக்கு இன்னிக்கு ஏறிச்சு."

தடை நான்தான்.

சாயங்காலம் ரூபியை வாசலிலேயே நிறுத்தினேன்.

"இன்னா பெரிம்மா, கர்த்தருக்கே கதவ சாத்தறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கர்த்தர் உள்ளதான் கீறாரு. மைக்குதான் வேணாம்மா," என்று வெறும் காற்றாகச் சொன்னேன். தலை நிமிரவில்லை. இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

டிவியைப் போர்வையால் மூடினேன். எஸ்தர் தன் போனைத் தானே என்னிடம் கொடுத்துவிட்டாள். அந்தக் கடலைப் பார்க்க எனக்கு ஆகாது. ஆனாலும் தினமும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய், மணலில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஜெபித்தேன்.

எஸ்தர் பாஸானாள். இப்போது திருப்போரூரில் வேலை. என் துக்கம் தீரவில்லை. மகன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, "அத்த" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டில் படிக்கிறவர்கள் இருந்தால் முதலில் டிவியை அணையுங்கள். பிறகு முழங்கால் போடுங்கள். உதடு அசைந்தாலே அவருக்குக் கேட்கும்.