பெட்டிக்குள்ளிருந்து வந்த வயது

அட்டைப்பெட்டிப் பட்டறையில் அவளை எல்லோரும் அணிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு வயதில், பள்ளி விடுமுறைக்கு மட்டும் என்று சொல்லி வேலைக்கு அனுப்பப்பட்டவள். அந்த விடுமுறை முடியவேயில்லை. சோதனைக்கு அதிகாரி வந்தால் வாசலில் யாராவது இருமுவார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அவள் ஒரு பெரிய பெட்டிக்குள் போயிருப்பாள். பட்டப்பெயர் அப்படி ஒட்டியது.

அகப்பட்டுக்கொண்டால் சொல்ல மேஸ்திரி ஒரு பதில் கற்றுக்கொடுத்திருந்தார்: "பதினாலு முடிஞ்சு பதினஞ்சு நடக்குது." எட்டு வயதிலும் அதுதான், பதினொன்றிலும் அதுதான். அன்றைய சட்டம் வாயால் சொன்ன வயதை நம்பியது. பிறகு மருத்துவர் பல்லைப் பார்த்து எழுதிய காகிதம் கேட்டது. முதலாளி அதையும் எப்படியோ வாங்கிவிட்டார். பள்ளிச் சான்றிதழ் கேட்டு, பிள்ளைகளை வைத்திருந்தால் முதலாளிமேல் வழக்கு என்று சட்டம் கண்டிப்பு காட்டியபோது அவள் உண்மையாகவே வளர்ந்துவிட்டிருந்தாள்.

இப்போது அவள் மகளுக்குப் பன்னிரண்டு. வேலை குவிந்து கிடக்கிறது, லீவில் சும்மாதானே இருக்கிறாள், கூட்டி வா என்று மேஸ்திரி மூன்று வாரமாக நச்சரித்தார். ஒருமுறை பசைத் தூரிகையைப் பிடித்தால் மகளுக்கும் பள்ளி அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடம் "சரிங்க" என்றே பழகிய நாக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி மடிக்கும் நாத்தனார் வேறு குத்தினாள்: "ஏன் அண்ணி, நீங்க இங்கயே வளரலயா? உங்க பொண்ணு மட்டும் என்ன கண்ணாடியா?"

திங்கட்கிழமை காலையில் மகளுக்குப் பின்னல் போட்டபடியே அந்தப் பதிலைக் கற்றுக்கொடுத்தாள்.

"பன்னெண்டுன்னு சொன்னா என்னம்மா?" என்றாள் மகள். அம்மா ரிப்பனை இறுக்கி முடிந்தாள்.

பத்து மணி இருக்கும். பட்டறை வாசலில் யாரோ இருமினார்கள். மகள் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் அம்மாவைக் காணோம். பிள்ளையை நடுக்கூடத்தில் தூரிகையும் கையுமாக விட்டுவிட்டு, உடம்பு தன்பாட்டில் ஓடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. செய்தது உறைத்து எழப் பார்த்தாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

வந்த அதிகாரி ஒரு பெண். "பாப்பா, உனக்கு என்ன வயசு?"

மகள் வாயைத் திறப்பதற்குள் பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பதினாலு முடிஞ்சு பதினஞ்சு நடக்குது."

அதிகாரி மூடியைத் தூக்கினார். நரையோடிய ஒரு தலை. "உங்களுக்காம்மா?"

"எங்க அண்ணிக்கு இன்னும் வயசு ஏறலீங்க," என்றாள் நாத்தனார். மேஸ்திரியைத் தவிர எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"எனக்குப் பன்னெண்டு," என்றாள் மகள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். என்மேலும் கேஸ் வருமா என்று அவள் பெட்டி விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்தபடியே கேட்டாள். "குத்தம் வேலைக்கு வச்சவங்க மேலதான். நீங்க பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பள்ளிக்கூடம் தொறந்ததும் அங்க போய்ப் பார்ப்பேன், இங்கயும் வருவேன்," என்ற அதிகாரி, கடைசி வார்த்தையை மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னார்.

அவள் சொல்லியிருக்க வேண்டிய "மாட்டேன்" அது. அவளுக்காக வேறொருவர் சொன்னார். இதில் அவள் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. மகள் கைகொடுத்து அவளை வெளியே இழுத்தாள்.

தெருவில் நடக்கும்போது மகள் கேட்டாள்: "நெஜமா உனக்கு என்ன வயசும்மா?"

அவள் நின்று, விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு முடிஞ்சு முப்பத்தொம்பது நடக்குது."