என்மேல் வழக்கு, காசிம் நானா சாட்சி

சென்ற வெள்ளிக்கிழமை காலை, எங்கள் அச்சுக்கூடத்துக்குப் பக்கத்து இரும்புக்கடைக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. காசிம் நானா காலமாகிவிட்டார். ஜாலான் புசார் சாலையில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவரும் நானும் அடுத்தடுத்து நின்று ஈய அச்செழுத்துக் கோத்தோம். என்னைவிட மூத்தவர், அவருடைய ஊரார் அண்ணனை அழைப்பதுபோல் ‘நானா’ என்றே கூப்பிடுவேன். அவரை நான் ஒருமுறை அடித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. தீபாவளி மலருக்காக நான் கோத்து முடித்திருந்த இரண்டு பக்கங்கள் அவர் கை தட்டித் தரையில் சிதறின. எனக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம். கையிலிருந்த மரச்சுத்தியலால் அடித்துவிட்டேன். நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரியில் இருந்த போலீஸ்காரர் விவரம் கேட்டு எழுதிக்கொண்டார். காயப்படுத்தியதாக என்மேல் வழக்கு வந்தது. முதலாளி ஜாமீன் நின்றார். ஆனால் ஜெயிலுக்குப் போனால் வேலையும் கிடையாது, நாங்கள் குடியிருந்த அச்சுக்கூடத்து மேல்மாடி அறையும் கிடையாது என்று சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

நானா மறுவாரமே எங்கள் அறைக்கு வந்து சாப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வழக்கு தீர்ந்தது என்று நம்பி, விசாரணை நாளன்று கோர்ட்டுக்குப் போகாமல் இருவரும் மும்முரமாக எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தோம். எங்களைப் போன்ற புத்திசாலிகளை எங்கே தேடுவது? பிடிவாரண்டோடு வந்து என்னை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள்.

மூன்று நாள் லாக்கப்பில் இருந்தேன். சுவரைப் பார்த்தால் மூச்சு முட்டும். மனைவியை நினைத்தால் அழுகை வரும். நானா வந்து கம்பிக்கு வெளியே நின்றார்.

“நான் மன்னிச்சா போதும்னு நினைச்சேன்லா தம்பி. கோர்ட்டும் ஒத்துக்கணுமாம்.”

கோர்ட்டு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சாட்சி வராமல் போனதற்கு என் மிரட்டல்தான் காரணமோ என்று நீதிபதிக்குச் சந்தேகம். நானா சமாதானம் சமாதானம் என்று சொல்லச் சொல்ல அந்தச் சந்தேகம் வளர்ந்தது. கடைசியில் நானா, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “அவன் அடிச்சது உண்மை. எனக்கு வலிச்சதும் உண்மை. யாரும் என்னை மிரட்டல. அவனை உள்ள போட்டா என் வலி குறையாதுங்க.”

நீதிபதி சமாதானத்தை ஏற்று என்னை விடுவித்தார்.

வெளியே வந்தும் நான் வெளியே வரவில்லை. மறுநாளிலிருந்து அதே மனிதர் அடுத்த எழுத்துப்பெட்டி முன்னால். அவர் பிழையாகக் கோத்தால்கூட வாய் திறக்க மாட்டேன். நானே திருத்திவிடுவேன். அவரிடம் கோபப்படும் உரிமையை நான் இழந்துவிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“என்னைத் திட்டு தம்பி. இப்படிப் பயந்து பயந்து பேசுனா, நீ இன்னும் லாக்கப்லதான் இருக்கே.”

கடைசி வரைக்கும் என்னால் திட்ட முடியவில்லை.

அடக்கத்துக்கு முன், பின்னாளில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த அவருடைய மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்காவது குறை வைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கூடியிருந்தவர்களிடம் கேட்டான். அது அவர்கள் வழக்கம். எல்லாரும் மன்னித்ததாகச் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் நெற்றியிலிருந்த தழும்பு நான் அடித்ததால் வந்தது என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். “மாடிப்படியில விழுந்துட்டேன்னுதானே வாப்பா சொன்னாங்க.”

கோர்ட்டில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னவர், எனக்காகத் தம் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறார். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பொய்தான்.